இல்லத் தோட்டத்தில் டாஃபடில் மலர்

டாஃபடில் வளர்ப்போர் விரிவாக்கப் பணியாளரிடம் கொண்டுவரும் முறையீடு பெரும்பாலும் ஒரே வகையானது. விலை கொடுத்து வாங்கி நட்ட குமிழ்கள் முதலாண்டு குறையின்றி மலர்ந்தன. இரண்டாம் ஆண்டு இலை மட்டும் வந்தது. மூன்றாம் ஆண்டு அதுவும் மெலிந்துவிட்டது என்பதே அது. உரம் போதவில்லை என்று கூறி அனுப்பிவிடுதல் எளிது. ஆனால் உரக்குறைவு இதற்குக் காரணமாயிருப்பது அரிது. முதலாண்டில் கண்ட பூ, அதற்கு முந்திய ஆண்டில் ஹாலந்திலோ காஷ்மீரத்திலோ அக்குமிழை வயலில் வளர்த்தவருடைய உழைப்பின் பயனாகும். நம் தோட்டத்தில் நாம் செய்தவற்றின் விளைவு இரண்டாம் ஆண்டில்தான் வெளிப்படுகிறது. ஆகவே இச்செடியின் ஓராண்டு வாழ்க்கை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நடும் ஆழம், நீர், உரம் ஆகியவை பற்றிய குறிப்புகள் அதன் பின்னரே பயன்படும்.

டாஃபடில் என்பது நார்சிஸஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த செடிகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பொதுப்பெயர். இப்பேரினம் அமரில்லிடேசியே குடும்பத்தில் அடங்கும். நம் ஊர்களில் வாய்க்காற் கரைகளிலும் தோட்டங்களிலும் காணப்படும் விஷமூங்கில் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இன்றைய வகைப்பாட்டில் வெங்காயமும் பூண்டும் இக்குடும்பத்திலேயே ஓர் உட்பிரிவாக வைக்கப்பட்டுள்ளன. இவ்வுறவு பின்னர் நச்சுத்தன்மையைப் பற்றிக் கூறும்போது நினைவிற் கொள்ளத்தக்கது. நார்சிஸஸ் இனங்களுள் மிகுதியானவை ஸ்பெயின், போர்ச்சுகல், வடமேற்கு ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் இயற்கையாக வளர்கின்றன. தோட்டக்கலைஞர்கள் அவற்றைக் கலந்து உண்டாக்கிப் பதிவு செய்துள்ள வகைகள் 25,000க்கு மேற்பட்டவை.

வட இந்தியாவில் இம்மலர் நர்கிஸ் என்னும் பாரசீகப் பெயரால் வழங்குகிறது. பாரசீக, உருதுக் கவிஞர்கள் காதலியின் கண்ணுக்கு இதனை உவமை கூறுவர். காஷ்மீரத்தார் இதனை எம்பர்சல் என்பர். வண்டுக்கும் எம்பர்சலுக்கும் உள்ள காதலைப் பொருளாகக் கொண்டு தீனநாத் நாதிம் 1953இல் இயற்றிய நாடகமே காஷ்மீரி மொழியின் முதல் இசை நாடகம். நம் பள்ளிகளில் பயின்றோர்க்கோ இம்மலர் வேர்ட்ஸ்வர்த்தின் ஆங்கிலக் கவிதை வாயிலாகவே அறிமுகம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அக்கவிஞரும் அவர் தங்கை டாரதியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கண்ட பூக்கள் 1807இல் வெளிவந்த அக்கவிதைக்கு அடிப்படையாயின. பூவைக் கண்ணாற் காணாமலேயே பாட்டை நெட்டுருச் செய்த தலைமுறைகள் நம் நாட்டில் பல. இங்கு இதனைக் குறிப்பிடக் காரணம் உண்டு. ஆங்கிலக் கவிஞர் கண்ட பூவும், தில்லியில் குளிர்காலத்தில் விற்கப்படும் நர்கிசும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. இரண்டின் தேவைகளும் ஒன்றுக்கொன்று மாறானவை. இவ்வேறுபாட்டை அறியாமல் குமிழ் வாங்குவோர் பணத்தை இழக்கின்றனர்.

இரு குலங்கள்

இல்லத் தோட்டக்காரர் தம் வசதிக்காக டாஃபடில்களை இரண்டு குலங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, காம்பொன்றுக்கு ஒரே பெரிய பூவும், அதன் நடுவே நீண்ட எக்காளம் போன்ற கிண்ணமும் உடைய மஞ்சள் டாஃபடில். ஆங்கிலக் கவிதையில் வருவது இக்குலத்தின் காட்டு இனமே. இரண்டாவது, காம்பொன்றுக்குப் பல சிறு பூக்கள் கொத்தாக மலர்ந்து மிக்க நறுமணம் வீசும் டாசெட்டா இனம். நர்கிஸ் என்பது பெரும்பாலும் இதுவே. வெண்ணிறப் பூக்களையுடைய 'பேப்பர்வைட்' என்பதும் இதற்கு நெருங்கிய உறவு. டாசெட்டா மத்தியதரைக் கடலின் கரைகளினின்று ஈரான், காஷ்மீரம் வழியாகச் சீனா, ஜப்பான் வரையில் பரவியுள்ளது. சீனர் தம் புத்தாண்டு நாளில் பூக்குமாறு தட்டில் நீரூற்றி வளர்க்கும் குமிழ் இதன் ஒரு வகையாகும்.

எக்காளக் குலத்திற்குக் குளிர் இன்றியமையாதது. வேர்விட்ட குமிழ் 9 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத குளிரில் 12 முதல் 16 வாரங்கள் இருந்தாலன்றிப் பூக்காம்பு நீளாது. உள்ளே பூ உருவாகியிருந்தும், குளிர் போதாவிடில் அது மேலே வராமல் உறைக்குள்ளேயே காய்ந்துவிடும். டாசெட்டாவிற்கு இத்தகைய குளிர் வேண்டுவதில்லை. அதற்கு வேண்டுவது கோடையின் வெப்பம். குமிழ் உறங்கும் காலத்தில் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கிடைத்தால் அதனுள்ளே பூ நன்கு உருவாகிறது. கடும் உறைபனி அதன் இலைகளைக் கெடுக்கும்.

டாசெட்டாவைப் பற்றிய வியப்பான செய்தி ஒன்றுண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சில்லித் தீவுகளின் விவசாயிகள், கோடையில் இக்குமிழ்கள் புதைந்துள்ள வயலின் மேல் வைக்கோலைப் பரப்பி எரித்தால் பூ முன்னதாகவே வருவதைக் கண்டனர். மண்ணைச் சூடாக்குவதால் இது நிகழ்வதாக முதலில் எண்ணினர். பின்னர், புகையிலுள்ள எத்திலீன் என்னும் வாயுவே பூ உருவாவதைத் தூண்டுகிறது என்பது ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. நம் நாட்டில் மாங்காய் பழுப்பதற்குப் புகையிடும் வழக்கத்தை அறிந்தவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

குமிழின் உள்ளே

வெங்காயத்தைப் போலவே டாஃபடில் குமிழும் அடித்தட்டு என்னும் குறுகிய தண்டின்மேல் சதைப்பற்றுள்ள செதில்கள் ஒன்றையொன்று சூழ அமைந்தது. ஆனால் வெங்காயக் குமிழ் ஒருமுறை பூத்தபின் அழிந்துவிடும். டாஃபடில் குமிழ் ஆண்டுதோறும் தன்னுள்ளே ஒரு புதிய அடுக்கைத் தோற்றுவித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் ஆண்டின் அடுக்கும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உயிருடன் இருந்து, உள்ளிருந்து வளரும் புதிய அடுக்குகளால் வெளியே தள்ளப்பட்டு, சேமித்த உணவையெல்லாம் கொடுத்துவிட்டு, இறுதியில் மேலுள்ள பழுப்புநிறத் தோலாக மாறுகிறது. ஆகவே கையில் எடுத்த ஒரு குமிழில் அதன் நான்காண்டு வரலாறு அடங்கியுள்ளது எனலாம்.

இனி அதன் ஆண்டுக் கணக்கைக் காண்போம். இலையுதிர் காலத்தில் மண் குளிர்ந்து ஈரமானவுடன் அடித்தட்டிலிருந்து வேர்கள் இறங்குகின்றன. இவ்வேர்கள் பெரும்பாலும் கிளைப்பதில்லை. அறுபட்டால் மீண்டும் வளர்வதுமில்லை. எனவேதான் வேர்விட்ட குமிழைத் தோண்டி இடம் மாற்றக்கூடாது என்பர். குளிர்காலம் முழுவதும் வேர் பெருகுகிறது. குளிர் தணியும்போது இலையும் பூவும் மேலே வருகின்றன. பூ வாடியபின் செடியின் வேலை முடிந்துவிட்டதாகவே பலர் கருதுகின்றனர். உண்மையில் குமிழைப் பொறுத்தவரை முதன்மையான பருவம் அப்போதுதான் தொடங்குகிறது. பசிய இலைகள் வெயிலில் உணவைத் தயாரித்து அடிக்கு அனுப்புகின்றன, செதில்கள் பருக்கின்றன. அதே காலத்தில், இலைகள் இன்னும் பச்சையாக இருக்கும்போதே, எக்காளக் குலத்தின் குமிழினுள் அடுத்த ஆண்டுப் பூவின் கரு தோன்றிவிடுகிறது. இங்கிலாந்து, ஹாலந்து நாடுகளில் இது மே மாத அளவில் தொடங்கிக் கோடை முடிவதற்குள் நிறைவுறுவதாகக் கண்டுள்ளனர். இதழ்கள், மகரந்தத்தாள்கள், சூலகம் ஆகியவற்றின் தொடக்கங்கள் எல்லாம் தோன்றிய பின்னர்க் கிண்ணம் கடைசியில் உருவாகிறது. அக்கிண்ணம் இதழும் அன்று, மகரந்தத்தாளும் அன்று, தனியானதோர் உறுப்பு என்னும் முடிவை ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் பங்குகொண்ட ஆராய்ச்சி ஒன்று 2013இல் வெளியிட்டது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் யாதெனில், பூ முடிந்தவுடன் இலையை அறுப்பவர் அடுத்த ஆண்டுப் பூவையும் சேர்த்தே அறுக்கிறார் என்பதாம். வாடிச் சாயும் இலைகள் கண்ணுக்கு அழகாக இரா என்பது உண்மையே. அதற்காக அவற்றைப் பின்னி முடிச்சிடும் வழக்கம் சில தோட்டங்களில் உண்டு. முடிச்சிட்ட இலையின் பெரும்பகுதிக்கு வெயில் கிடைக்காது. அறுப்பதற்கும் அதற்கும் அதிக வேறுபாடில்லை. பூ முடிந்தபின் குறைந்தது ஆறு வாரங்கள் இலைகளைத் தொடாமல் விடவேண்டும். அவை தாமே மஞ்சளித்துச் சாயும் வரை விடுவது இன்னும் நன்று. புல்வெளியில் நட்டிருந்தால் அதுவரை அங்குப் புல் வெட்டக்கூடாது. வாடிய பூவின் தலையை மட்டும் கிள்ளிவிடலாம். விதைக்குச் செல்லும் உணவு குமிழுக்குத் திரும்பும். பச்சைக் காம்பை விட்டுவிடுக. அதுவும் உணவு தயாரிக்கும்.

இடமும் நடவும்

மத்தியதரைக் கடற்பகுதியின் தட்பவெப்பம் டாஃபடிலின் இயல்பை வகுத்துள்ளது. அங்கு மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டது. செடி மழைக்காலத்தில் வளர்ந்து வறண்ட காலத்தில் உறங்குகிறது. இந்தியாவின் பெரும்பகுதியில் நிலைமை இதற்கு நேர்மாறானது. குமிழ் உறங்கும் காலத்திலேயே பருவமழை கொட்டுகிறது. உறங்கும் குமிழ் நனைந்த வெப்ப மண்ணில் கிடந்தால் அழுகும். காஷ்மீரப் பள்ளத்தாக்கில் டாஃபடில் எளிதாக நிலைபெறுவதற்குக் குளிரோடு இதுவும் ஒரு காரணம். தென்மேற்குப் பருவமழை அங்கு வலுவிழந்தே வருகிறது. பனியும் வசந்தகால மழையுமே அங்கு நீர் தருபவை. 2007இல் ஸ்ரீநகரில் திறக்கப்பட்ட இந்திரா காந்தி நினைவு டியூலிப் தோட்டத்தில் டியூலிப்புகளுடன் டாஃபடில்களும் வளர்க்கப்படுகின்றன. மார்ச்சு இறுதியிலும் ஏப்ரலிலும் அங்குச் செல்வோர் இவற்றைக் காணலாம்.

சிம்லா, முசூரி, நைனிதால் போன்ற மலையூர்களில் குளிர் போதும்; ஆனால் சூலை, ஆகஸ்டு மாதங்களின் மழை மிகுதி. அங்குள்ளோர் இரண்டில் ஒன்றைச் செய்யவேண்டும். சரிவான நிலத்தில் மண்ணை உயர்த்தி, சரளையும் மணலும் கலந்து, மழைநீர் நில்லாது ஓடும்படி பாத்தி அமைத்துக் குமிழ்களை அங்கேயே விடலாம். அன்றேல் இலை முற்றும் காய்ந்தபின், மழை தொடங்கும் முன், குமிழ்களைத் தோண்டியெடுத்து, மண்ணை உதிர்த்து, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமுள்ள கூடையிலோ வலைப்பையிலோ வைக்கலாம். நெகிழிப்பையில் கட்டி வைத்தல் ஆகாது. மழை முந்திக்கொண்டுவிடும் என்று அஞ்சி, இலை பச்சையாக உள்ளபோதே தோண்டுவோர் முன் கூறிய தீங்கையே வேறு வழியில் செய்கின்றனர்.

மலைப்பகுதிகளில் செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரை நடலாம். முன்னதாக நட்டால் வேர் நன்கு இறங்கும். குமிழின் உயரத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆழம் வேண்டும். பெரிய குமிழுக்கு ஏறத்தாழ 15 செ.மீ. எனக் கொள்ளலாம். குமிழ்களுக்கிடையே 10 முதல் 15 செ.மீ. விடுக. மேலோட்டமாக நடப்பட்ட குமிழ் விரைவில் பல சிறு குமிழ்களாகப் பிரிந்து பூக்கும் பருமனை இழக்கும். ஒரு நாளில் பாதி நேரமேனும் வெயில் படும் இடம் வேண்டும். இலையுதிர்க்கும் மரங்களின் அடி நல்ல இடமே. மரம் தழைப்பதற்குள் டாஃபடில் தன் வேலையில் பெரும்பகுதியை முடித்துக்கொள்ளும். என்றும் பசுமையான தேவதாரு, பைன் மரங்களின் அடி ஆகாது. மண் சற்றே புளிப்பாகவோ நடுநிலையாகவோ இருக்கலாம்.

உரத்தைப் பற்றி அதிகம் கூறுவதற்கில்லை. புதிய சாணத்தைக் குமிழுக்கு அருகில் இடவே கூடாது. அது அழுகல் நோய்க்கு வழிவிடும். நன்கு மக்கிய தொழுவுரத்தை முந்திய பயிருக்கு இட்டிருந்தால் போதும். நடும்போது எலும்புத்தூளும் மரச்சாம்பலும் சிறிதளவு கலக்கலாம். தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகிப் பூ குறையும். நீரைப் பொறுத்தவரை, இலை தோன்றியதிலிருந்து அது மஞ்சளிக்கும் வரை மண் காயலாகாது. மொட்டுத் தோன்றிய நேரத்தில் வறட்சி ஏற்பட்டால் மொட்டு உறைக்குள்ளேயே கருகிவிடும்.

தில்லி, இலக்னோ போன்ற வட இந்தியச் சமவெளி நகரங்களில் எக்காளக் குலத்தை நிலையாக வளர்க்க முயல்வது வீண். அங்குக் குளிர் குறுகியது; மே, சூன் மாதங்களின் வெப்பமோ குமிழைக் கெடுத்துவிடும். பேப்பர்வைட்டும் நர்கிசும் அங்கு ஏற்றவை. அக்டோபரில் தொட்டியில் நட்டால் குளிர்காலத்திலேயே பூக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்போர் இரவுக் குளிரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. உதகையில் சனவரி மாத இரவு உறைபனி வரை இறங்கினாலும் பகலில் வெப்பம் 20 டிகிரி அளவுக்கு ஏறுகிறது. மூன்று மாதம் இடையறாத குளிர் என்பது அங்கு இல்லை. எனவே அவர்களும் டாசெட்டாவிலிருந்து தொடங்குவதே நன்று. சென்னை, மதுரை போன்ற இடங்களில், குளிர்சாதனப் பெட்டியில் 12 வாரங்களுக்கு மேல் வைத்தெடுத்த குமிழ் ஒருமுறை மலர்ந்தால் அதுவே பேறு. அதனை ஆண்டுச் செடியாகக் கருதிவிடவேண்டும். அவ்வாறு பெட்டியில் வைக்கும்போது ஆப்பிள், வாழை முதலிய பழங்களுடன் வைக்கலாகாது. சில்லித் தீவில் நன்மை செய்த எத்திலீன், உருவாகி முடிந்த பூவின் கருவை இங்குக் கெடுத்துவிடும்.

பூவாத குமிழை ஆராயும் முறை

இனி, தொடக்கத்தில் கூறிய முறையீட்டுக்கு வருவோம். பூவாத பாத்தியைக் காட்டி ஒருவர் காரணம் கேட்டால், ஊகித்து விடை கூறுதல் வேண்டா. அக்டோபரில் அப்பாத்தியிலிருந்து நடுத்தரமான ஒரு குமிழை எடுத்து, மேலிருந்து அடித்தட்டு வரை நெடுக்காக இரண்டாக வெட்டிப் பார்க்கவேண்டும். ஒரு குமிழ் வீணாகும். ஆனால் மற்றவை பிழைக்கும்.

நடுவில் இளம் இலைகளுக்கிடையே வெளிறிய பூ மொட்டு தெளிவாகத் தெரிந்தால், குமிழ் தன் கடமையைச் செய்துவிட்டது என்று பொருள். அவ்வாறாயின் குற்றம் பின்னர் வருவதில் உள்ளது: குளிர் போதாமை, அல்லது மொட்டு எழும் காலத்தில் நீரின்மை. மொட்டே இல்லாமல் இலைகள் மட்டும் இருந்தால், சென்ற வசந்தத்தில் குமிழுக்கு உணவு போதவில்லை. இலையை முன்னதாக அறுத்தார்களா, மரநிழல் அடர்ந்துவிட்டதா, பல ஆண்டுகளாகப் பிரித்து நடாமல் நெருங்கிவிட்டனவா என்று வினவுக. குமிழ் சிறுத்து, ஒரே குழியில் பத்துப் பன்னிரண்டாகத் திரண்டிருந்தால் நெருக்கமே காரணம். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து நடுவதால் இது தீரும். தானே எளிதாகப் பிரியும் பக்கக்குமிழ்களை மட்டும் பிரிக்கவேண்டும். ஒட்டியிருப்பவற்றை வலிந்து பிய்த்தால் அடித்தட்டு புண்படும்.

வெட்டிய முகத்தில் நோயும் தெரியும். அடித்தட்டிலிருந்து செம்பழுப்பு நிறம் மேல்நோக்கிப் பரவியிருந்தால் அது ஃபியூசேரியம் என்னும் பூஞ்சாணத்தால் வரும் அடியழுகல். மண் வெப்பமாகவும் ஈரமாகவும் இருக்கும்போது அது விரைந்து பரவும். நடுப்பகுதி குடையப்பட்டு, கழிவுக்கிடையே தடித்த வெண்புழு ஒன்று இருந்தால் அது குமிழ் ஈயின் புழு. குறுக்காக வெட்டும்போது பழுப்பு வளையங்கள் தெரிந்து, இலைகளில் மஞ்சள் நிறக் கட்டிகளும் இருந்திருந்தால், அது நூற்புழுவின் வேலை. இம்மூன்றிலும் அக்குமிழ்களை எரித்துவிடுவதே இல்லத் தோட்டத்தில் தக்கது, எருக்குழியில் எறியலாகாது. அவ்விடத்தில் சில ஆண்டுகள் டாஃபடில் நடாதிருத்தல் வேண்டும்.

நூற்புழு ஒருகாலத்தில் இங்கிலாந்தின் டாஃபடில் தொழிலையே அழிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. விஸ்லி தோட்டத்தில் பணியாற்றிய ராம்ஸ்பாட்டம் என்னும் இளைஞர், குமிழை அளவறிந்த வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் புழு மடியும், குமிழ் பிழைக்கும் என்பதை முதலாம் உலகப் போரின்போது நிறுவினார். இன்றும் வணிக முறையில் வளர்ப்போர் 44.4 டிகிரி வெந்நீரில் மூன்று மணி நேரம் என்னும் அளவைக் கையாளுகின்றனர். வெப்பம் சற்று மிகுந்தால் குமிழ் வெந்துவிடும். குறைந்தால் புழு மடியாது. வீட்டு அடுப்பில் செய்து பார்க்கும் முறை அன்று இது.

வெளிநாட்டிலிருந்து தாமே குமிழ் தருவிக்க விரும்புவோர்க்குப் பணியாளர் ஒன்றைத் தெளிவாக எடுத்துரைத்தல் வேண்டும். மேற்கூறிய புழுவும் பூஞ்சாணமும் குமிழோடு சேர்ந்தே பயணம் செய்வன. ஆகவே 2003ஆம் ஆண்டின் பயிர்த் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் பயிர்நலச் சான்றிதழும் இன்றிக் குமிழ்களைக் கொண்டுவருதல் கூடாது. விடுமுறைப் பயணத்தில் பெட்டியில் மறைத்துக் கொண்டுவரும் பத்துக் குமிழ்கள் ஒரு பள்ளத்தாக்கின் பயிருக்கே கேடு விளைவிக்கலாம்.

நச்சுத்தன்மை

ஆசிரியர்கள் இப்பகுதியைக் கூர்ந்து படித்தல் வேண்டும். டாஃபடிலின் எல்லா உறுப்புகளும், சிறப்பாகக் குமிழ், நச்சுடையவை. லைக்கோரின் முதலிய அல்கலாய்டுகள் கடும் வாந்தியை உண்டாக்கும். ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் வாயையும் தொண்டையையும் தோலையும் உறுத்தும். பூப்பறிக்கும் தொழிலாளர் கைகளில் தோன்றும் தடிப்பு இப்படிகங்களாலும் சாற்றாலும் வருவது. சமைப்பதால் இந்நஞ்சு நீங்கிவிடும் என்று நம்புதல் கூடாது.

குமிழ் பார்வைக்கு வெங்காயம் போன்றது. இலை, வெங்காயத்தாளையோ சீனப் பூண்டுத்தாளையோ போன்றது. இரண்டும் தவறுக்கு இடமளிப்பவை. 2009இல் இங்கிலாந்தின் சஃபக் பகுதியில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில், பள்ளித் தோட்டத்துக் காய்கறிகளைக் கொண்டு மாணவர்கள் வகுப்பில் சூப் தயாரித்தனர். வெங்காயங்களோடு டாஃபடில் குமிழொன்று கலந்துவிட்டது. பன்னிரண்டு குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2015இல் அந்நாட்டுப் பொதுநலத் துறை, டாஃபடில்களைக் காய்கறிகளுக்கு அருகில் வைத்து விற்கவேண்டா எனப் பேரங்காடிகளைக் கேட்டுக்கொண்டது. கூடை கூடையாக வெங்காயம் வைத்திருக்கும் நம் வீடுகளில் இவ்வாபத்து இன்னும் மிகுதி. கோடையில் எடுத்த குமிழ்களைச் சமையலறையிலும் அதனையடுத்த சேமிப்பறையிலும் வைக்கவே கூடாது. பெயரும் 'நஞ்சு' என்னும் சொல்லும் எழுதிய சீட்டுக் கட்டி வேறிடத்தில் தொங்கவிடவேண்டும். பள்ளித் தோட்டத்தில் வெங்காயப் பாத்தியும் டாஃபடில் பாத்தியும் அடுத்தடுத்து இருத்தல் ஆகாது.

மோந்து பார்த்தால் வேறுபாடு தெரியும்: வெங்காயத்தின் நெடி டாஃபடிலுக்கு இல்லை. யாரேனும் தவறி உண்டுவிட்டால், வாந்தியெடுக்கத் தூண்டாமல், உண்டதன் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். பெரும்பாலோர் குணமடைவர், எனினும் வாந்தியாலும் பேதியாலும் நீரிழந்து குழந்தைகள் விரைவில் சோர்வர். எலிகளும் மான்களும் இச்செடியைத் தொடாமல் விடுவது இந்நஞ்சின் காரணமாகவே. டியூலிப்பைத் தின்று தீர்க்கும் எலியால் தொல்லையுறுவோர் டாஃபடிலை விரும்புவதில் வியப்பில்லை.

நஞ்சே மருந்தாவதும் உண்டு. இக்குடும்பத்துச் செடிகளிலுள்ள கலன்டமின் என்னும் அல்கலாய்டை, 1950களில் சோவியத்து நாட்டிலும் பல்கேரியாவிலும் ஆராய்ந்து நரம்பு நோய்களுக்கு மருந்தாகக் கொண்டனர். முதுமையில் நினைவிழக்கச் செய்யும் அல்சைமர் நோய்க்கு அதனை 2001இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. வேல்ஸ் மலைப்பகுதியில் இதற்காகவே டாஃபடில் பயிரிடப்பட்டது. மேலும், அரிசியில் வைட்டமின் 'ஏ'க்கு மூலமான மஞ்சள் நிறமியை உண்டாக்க முயன்ற பொட்ரிகசும் பெயரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பொன்னரிசியில், டாஃபடிலிலிருந்து எடுத்த ஒரு மரபணு இருந்தது. 2005இல் வந்த மறுவடிவில் அதற்குப் பதிலாக மக்காச்சோளத்தின் மரபணு வைக்கப்பட்டது.

வகுப்பறையில்

குமிழின் அமைப்பைக் கற்பிக்க வெங்காயமே போதும். அதனை மாணவர் கையில் கொடுக்கலாம். டாஃபடில் குமிழை ஆசிரியர் தாமே கையுறையணிந்து வெட்டி, கண்ணாடித்தட்டில் வைத்துக் காட்டுதல் நன்று. உள்ளே பூவின் கருவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காணும் மாணவர், விதைப்பதற்கு முன்பே பூ இருக்கிறதே என்று வியப்பர். அவ்வியப்பிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

பேப்பர்வைட் குமிழை மண்ணின்றி வளர்த்துக் காட்டுவதும் எளிது. அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் கூழாங்கற்களை நிரப்பி, குமிழின் பாதியளவு கற்களில் பதியுமாறு வைத்து, அடித்தட்டைத் தொட்டும் தொடாததுமாக நீரூற்றவேண்டும். நீர் மேலேறினால் குமிழ் அழுகும். நான்கு முதல் ஆறு வாரங்களில் பூக்கும். வெளிச்சம் குறைந்த அறையில் காம்பு நெடிதாகி ஒடிந்து சாய்வது இதன் குறை. வேர்விட்டபின் நீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஆல்கஹால் கலந்தால் காம்பு மூன்றிலொரு பங்கேனும் குட்டையாக நிற்கும் என அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மில்லர் என்பவர் 2006இல் கண்டறிந்தார். பள்ளி ஆய்வகத்தில் இதனைச் செய்து பார்க்க மதுக்கடையை நாட வேண்டியதில்லை. கைதுடைக்கும் மருத்துவ ஆல்கஹாலை அளவறிந்து நீர்த்து ஆசிரியரே ஊற்றலாம். ஒரு பாத்திரத்தில் வெறும் நீர், மற்றொன்றில் கலந்த நீர் என வைத்து நாள்தோறும் காம்பின் உயரத்தைக் குறித்து வரைபடம் வரையச் செய்தால், ஒப்புச்சோதனை என்பது யாது என்னும் பாடமும் உடன் கிடைக்கும்.

விதையிலிருந்து பூக்காண நான்கைந்து ஆண்டுகளுக்குக் குறையாது. ஆகவே இல்லத்தார் பக்கக்குமிழாலேயே பெருக்குவர். அதுவும் மெதுவானதே. விரைவு வேண்டுவோர் குமிழை அடித்தட்டின் துண்டு ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்குமாறு எட்டு முதல் பதினாறு வரை கூறுகளாக அறுத்து, பூஞ்சாணக் கொல்லியில் தோய்த்து, ஈரமான வெர்மிகுலைட்டில் இருட்டில் வைப்பர். சில வாரங்களில் செதில்களுக்கிடையே சிறு குமிழ்கள் தோன்றும். அவை பூக்கும் பருமன் அடைய மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

பூவைப் பறித்து வீட்டிற் கொண்டு வைக்க விரும்பினால், மொட்டு நிறம் காட்டி, கழுத்து வளைந்து, இதழ் விரியுமுன் பறிக்கலாம். கத்தியால் அறுக்காமல் அடியில் பிடித்து ஒடித்தெடுப்பதே வழக்கம். இலையைச் சேர்த்து எடுக்கலாகாது. அறுத்த காம்பிலிருந்து வழியும் கொழகொழப்பான சாறு அதே குவளையிலுள்ள ரோஜா, டியூலிப் முதலியவற்றை விரைவில் வாடச் செய்யும். எனவே ஓர் இரவு முழுதும் டாஃபடிலைத் தனிக் குவளையில் நிறுத்தி வைத்து, மறுநாள் காம்பை மீண்டும் அறுக்காமல் பிற பூக்களோடு சேர்க்கவேண்டும். அக்குவளை நீரைக் குழந்தைகளுக்கும் வளர்ப்பு நாய்களுக்கும் எட்டாதவாறு கொட்டிவிடுக.